அட்லஸ் சுமந்த பக்கங்கள்

திருப்பூர் வீரபாண்டியில் ஒரு பனியன் கம்பெனியின் அலுவலக அறை. மெர்ச்சண்டைசரின் கணினியில் பையர் அனுப்பிய டெக் பேக் திறந்திருக்கிறது. அதன் பின்னால் காஸ்டிங் போட்ட எக்செல், அதற்கும் பின்னால் டாலி, துணி வீணாகாமல் பேட்டர்ன்களை நெருக்கி அடுக்கும் மார்க்கர் மென்பொருள், வாட்ஸ்அப். போதாததற்கு டஜன் கணக்கில் பிரவுசர் பக்கங்கள். இத்தனையும் கேட்கும் நினைவகத்தைக் கூட்டினால் ஷிப்மென்ட் நெருங்கும் நாட்களில் அது கணினிக்குள் இருக்கும் ரேமைத் தாண்டிவிடும். ஆனாலும் எல்லாம் ஓடுகின்றன. டாலியை மூடினால்தான் மார்க்கரைத் திறப்பேன் என்று கணினி அடம்பிடிப்பதில்லை.

இந்த வசதிக்குப் பிறந்த ஊர் உண்டு. கோவையைத் தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்று சொல்லிச் சொல்லி, அந்த ஊர்ப் பெயர் கொங்கு நாட்டில் யாருக்கும் அந்நியமில்லை. பஞ்சுக்கும் நூலுக்கும் ஆலைக்கும் பெயர்போன அதே மான்செஸ்டரில், 1962 டிசம்பர் 7 அன்று அட்லஸ் என்ற கணினி முறைப்படி தொடங்கி வைக்கப்பட்டது. அன்றைய உலகின் மிக வேகமான கணினிகளில் அது ஒன்று. அதன் வேகத்தை இன்று மலிவான கைப்பேசிகூட எளிதில் மிஞ்சிவிடும். ஆனால் சிறிய நினைவகத்தைப் பெரியதாகக் காட்டும் அதன் ஏற்பாட்டை யாரும் தூக்கி எறியவில்லை. மெய்நிகர் நினைவகம் என்று பெயர் பெற்ற அந்த ஏற்பாடு ஊர் ஊராகக் கைமாறி, கடைசியில் நம் சட்டைப்பைக்கே வந்து சேர்ந்துவிட்டது.

கதையைத் துணியிலிருந்தே தொடங்கலாம். ஜக்கார்ட் என்றால் என்னவென்று திருப்பூரில் நிட்டிங் கம்பெனி வைத்திருப்பவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. பிரான்ஸில் லியோன் நகரத்து ஜோசப் மரி ஜக்கார்ட், 1804 வாக்கில், ஓட்டை போட்ட அட்டைகளைத் தறியோடு இணைத்தார். எந்தப் பாவு நூல் எழும்ப வேண்டும் என்பதை அட்டையே தீர்மானித்தது. 1890-இல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஹெர்மன் ஹாலரித் ஓட்டை அட்டைகளை வைத்துத் தலைகளை எண்ணினார். அவருக்கு யோசனை கொடுத்தது தறியல்ல, ரயில் பயணச்சீட்டு என்று அவரே சொல்லியிருக்கிறார்: பயணியின் அங்க அடையாளங்களைக் குறிக்க நடத்துநர் சீட்டில் ஓட்டை போடுவதைப் பார்த்தாராம். ஹாலரித்தின் இயந்திரங்களை இங்கிலாந்தில் விற்கப் பிறந்தது பிரிட்டிஷ் டேபுலேட்டிங் மெஷின் கம்பெனி. அமெரிக்காவில் அவர் தொடங்கிய நிறுவனமோ பல கை மாறி ஐ.பி.எம். ஆயிற்று. இரண்டு நிறுவனங்களும் இந்தக் கதைக்குள் மீண்டும் வரும்.

அட்டையில் தகவலை வைத்துக்கொள்ளலாம், ஆனால் கணக்குப் போடும் வேகத்துக்கு அட்டை ஈடுகொடுக்காது. மின்னணுக் கணினி வேண்டுமென்றால் மின்னணு வேகத்தில் எழுதவும் படிக்கவும் ஓர் இடம் வேண்டும். அந்த இடம் ரேடாரிலிருந்து வந்தது. போர்க்காலத்தில் பிரிட்டனின் ரேடார் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த ஃபிரெடி வில்லியம்ஸ், ரேடார் திரையின் ஒளிப்புள்ளிகளைக் கொஞ்ச நேரம் பிடித்து வைக்க முடியுமா என்ற முயற்சியிலிருந்து தொடங்கி, அதே திரைக்குழாயில் கணினித் தகவலைச் சேமிக்கும் வழியைக் கண்டார். 1946 இறுதியில் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்துக்குப் போனபோது டாம் கில்பர்னும் அவரோடு அந்த வேலைக்கு வந்துவிட்டார். 1948 ஜூன் 21 அன்று அவர்கள் கட்டிய 'பேபி' என்ற சிறு கணினி, தன் நினைவகத்துக்குள்ளேயே வைத்திருந்த ஒரு நிரலை ஓட்டியது. 17 கட்டளைகள் கொண்ட அந்த நிரல் 52 நிமிடம் ஓடி விடை சொன்னது. நினைவகத்தின் மொத்தக் கொள்ளளவு 32 வரிகள்தான்.

கில்பர்ன் பிறந்த ஊரைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல ஆசை. 1921-இல் அவர் பிறந்த ட்யூஸ்பரி, யார்க்ஷயரின் கம்பளி ஊர்களில் ஒன்று. கிழிந்த கம்பளித் துணிகளைப் பிய்த்து மீண்டும் நூலாக்கும் தொழிலில் அது உலகப் பெயர் பெற்றது. நம் பக்கத்தில் கட்டிங் வேஸ்ட்டை மூட்டை மூட்டையாகக் கட்டி ஓ.இ. மில்லுக்கு அனுப்புகிறோமே, அந்தத் தொழிலின் மூத்த ஊர் அது. இருப்பதை வைத்து இன்னும் கொஞ்சம் செய்துவிடலாம் என்ற குணம் அவருக்கு ஊரிலிருந்து வந்ததா என்று என்னால் நிறுவ முடியாது. ஆனால் அவர் வாழ்நாளில் செய்த மிகப் பெரிய காரியம் அந்தக் குணத்தோடு அழகாகப் பொருந்துகிறது.

பேபி வளர்ந்தது. உள்ளூர் மின்பொறியியல் நிறுவனமான ஃபெராண்டி அதை விற்பனைக்கான கணினியாக்கி, 1951 பிப்ரவரியில் முதல் கணினியைப் பல்கலைக்கழகத்தில் இறக்கியது. அதில்தான் பிரச்சினை தலைகாட்டியது. திரைக்குழாய் நினைவகம் வேகமானது, ஆனால் விலை அதிகம், இடம் கொஞ்சம்: 40 பிட் நீளமுள்ள 256 'சொற்கள்' மட்டுமே. அதனால் பக்கத்தில் சுழலும் காந்த உருளை ஒன்றையும் வைத்தார்கள். உருளையில் இடம் தாராளம், ஆனால் தேவையான இடம் சுழன்று வரும் வரை காத்திருக்க வேண்டும். கணக்கு நடப்பது குழாயில், சரக்கு இருப்பது உருளையில்.

நம் ஊர்க் கட்டிங் செக்‌ஷனில் நின்று பார்த்தால் இது சட்டென்று புரியும். கட்டிங் டேபிளின் நீளம் இவ்வளவுதான். குடோனில் துணி ரோல்கள் அடுக்கடுக்காகக் கிடக்கின்றன. எந்த நேரத்தில் எந்த ரோல் டேபிளுக்கு வர வேண்டும், வெட்டி முடித்த எதைத் திருப்பிக் குடோனுக்கு அனுப்ப வேண்டும் என்பதையெல்லாம் கட்டிங் மாஸ்டரே முன்கூட்டி எழுதிக்கொடுத்தால்தான் வேலை நடக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய கவனம் கத்தியில் இருக்குமா, குடோனில் இருக்குமா? 1950-களில் நிரல் எழுதியவர்களில் பலர் அந்த மாஸ்டரின் நிலையில்தான் இருந்தார்கள். மான்செஸ்டர் கணினிக்குக் கையேடு எழுதிய ஆலன் டூரிங் போன்ற மேதைக்கு இதில் சிரமம் இருக்கவில்லை. அடுத்த அறையில் இருந்த வேதியியலாளருக்கும் பொறியாளருக்கும் பாதி நேரம் இந்த இடமாற்றக் கணக்கிலேயே போனது. 1954-இல் டோனி ப்ரூக்கர் என்ற இளைஞர் 'ஆட்டோகோடு' என்ற எளிய மொழியை எழுதி, இடமாற்றத்தை மொழியே பார்த்துக்கொள்ளும்படி செய்தார். அவரை யாரும் அதிகம் கொண்டாடுவதில்லை. என்னைக் கேட்டால், மெய்நிகர் நினைவகத்தின் முதல் விதை அவர் போட்டது.

இதே காலத்தில் காந்த உருளை வேறொரு வழியாக இந்தியாவுக்குப் புறப்பட்டுவிட்டது. லண்டனில் ஆண்ட்ரூ பூத் என்பவர் குறைந்த செலவில் கணினி கட்டிக்கொண்டிருந்தார். முதலில் காந்தப் பூச்சு பூசிய காகிதத் தட்டைச் சுழற்றிப் பார்த்தார், அது சரிப்படவில்லை. பிறகே உருளைக்கு மாறினார். வார்விக்ஷயரில் ஃபென்னி காம்ப்டன் என்ற கிராமத்தில் அவருடைய பட்டறை இருந்தது. 1951-இல் பிரிட்டிஷ் டேபுலேட்டிங் மெஷின் கம்பெனியின் ஆட்கள் அங்கே போய், பூத்தின் சம்மதத்தோடு சுற்றுகளைப் படி எடுத்துக்கொண்டு திரும்பினார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் அவர்கள் கையில் ஒரு கணினி இருந்தது. ஒரு கிராமத்துப் பட்டறையில் எடுத்த நகல், கம்பெனி விற்கும் சரக்காகிவிட்டது. அந்த வரிசையில் வந்த ஹெச்.இ.சி. 2-எம் என்ற கணினியைத்தான் மஹலநோபிஸின் இந்தியப் புள்ளியியல் நிறுவனம் வாங்கியது. 1955-இல் அது கல்கத்தா வந்து சேர்ந்தது. இந்தியாவில் ஓடிய முதல் மின்னெண் கணினி அதுதான். அதன் நினைவகம் முழுக்க முழுக்க ஓர் உருளை, 1,024 சொற்கள் கொள்ளும்.

மறுபடி மான்செஸ்டர். 1956-இல் கில்பர்ன் ஒரு பெரிய ஆசையோடு புதிய கணினியைத் தொடங்கினார்: நொடிக்குப் பத்து லட்சம் கட்டளைகளை நெருங்க வேண்டும். அன்றைய பிரிட்டனில் அவ்வளவு வேகம் எதற்கு என்று கேட்டவர்களே அதிகம். மூன்று ஆண்டுகள் பல்கலைக்கழகமே தனியாக இழுத்துக்கொண்டு போனது. 1959-இல் ஃபெராண்டி உள்ளே வந்து, அதற்கு அட்லஸ் என்று பெயர் வைத்தது. வானத்தைத் தோளில் சுமக்கும் கிரேக்கப் புராணத்து வீரனின் பெயர்.

இந்த இடத்தில் பெர்லினையும் நினைக்க வேண்டும். அங்கே ஃபிரிட்ஸ் ருடால்ஃப் குன்ட்ஷ் என்ற மாணவர், கில்பர்ன் வேலையைத் தொடங்கிய அதே ஆண்டுகளில், தன் முனைவர் பட்ட ஆய்வில் ஏறக்குறைய இதே யோசனையை எழுதி வைத்தார். அதை யாரும் கணினியாகக் கட்டவில்லை. மான்செஸ்டர்க்காரர்களுக்கு அப்படி ஓர் ஆய்வு இருப்பதே தெரியாது. இரண்டு ஊர்களில் ஒரே முடிச்சை ஒரே நேரத்தில் அவிழ்த்திருக்கிறார்கள்.

அட்லஸில் வேகமான நினைவகம் சின்னச் சின்ன ஃபெரைட் வளையங்களால் ஆனது. சுமார் 16 ஆயிரம் சொற்கள், ஒவ்வொன்றும் 48 பிட். பக்கத்தில் நான்கு காந்த உருளைகளில் சுமார் 98 ஆயிரம் சொற்கள். வளைய நினைவகத்தில் ஒரு சொல்லை எடுக்க ஒரு நொடியின் பத்து லட்சத்தில் இரண்டு பங்கு போதும். உருளையில் சராசரியாக ஒரு நொடியின் ஆயிரத்தில் ஆறு பங்கு ஆகும். ஆக, ஒன்று மற்றதைவிட மூவாயிரம் மடங்கு மெதுவானது. கில்பர்ன், டேவிட் எட்வர்ட்ஸ், மைக்கேல் லானிகன், ஃபிராங்க் சம்னர் நால்வரும் இரண்டையும் ஒரே நினைவகமாகக் காட்டத் துணிந்தார்கள். நிரல் எழுதுபவர் பத்து லட்சம் சொற்கள் கொண்ட ஒரே நீண்ட வரிசையைப் பார்ப்பார். எது வளையத்தில், எது உருளையில் என்று அவர் கேட்கவே வேண்டாம்.

அதற்காக எல்லாவற்றையும் 512 சொற்கள் கொண்ட பக்கங்களாக வெட்டினார்கள். வளைய நினைவகத்தில் 32 பக்கங்கள் கொள்ளும். ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு சிறு பதிவேடு. இப்போது இங்கே உட்கார்ந்திருப்பது எந்தப் பக்கம் என்பதை அது சொல்லும். நிரல் ஒரு முகவரியைக் கேட்டதும் 32 பதிவேடுகளும் ஒரே கணத்தில் ஒப்பிட்டுப் பார்க்கும். இருந்தால் வேலை நடக்கும். இல்லையென்றால் அந்த நிரல் நிறுத்தப்படும், உருளையிலிருந்து பக்கம் வரவழைக்கப்படும். அதற்குள் வேறொருவருடைய நிரல் ஓடிக்கொண்டிருக்கும். மாஸ்டர் ரோலின் பெயரைச் சொன்னதும் அது டேபிளில் இருக்கிறதா என்று பார்த்து, இல்லாவிட்டால் ஓடிப்போய்த் தூக்கி வரும் ஹெல்பர் பையனின் வேலையை இரும்பும் கம்பியும் செய்யத் தொடங்கின.

ஒரு பக்கம் உள்ளே வந்தால் இன்னொன்று வெளியே போக வேண்டும். எதை அனுப்புவது? இங்கேதான் இந்த நால்வரின் அறிவு என்னை மலைக்க வைக்கிறது. அட்லஸ் ஒவ்வொரு பக்கத்தையும் கவனித்துக்கொண்டே இருந்தது: கடைசியாகத் தொட்டு எவ்வளவு நேரமாயிற்று, அதற்கு முந்தைய முறை எவ்வளவு நேரம் சும்மா கிடந்து பிறகு தேவைப்பட்டது. முன்பு சும்மா கிடந்த நேரத்தைவிட இப்போது அதிக நேரம் தொடாமல் கிடந்தால், அதன் வேலை முடிந்துவிட்டது என்று கருதி வெளியே அனுப்பியது. நிரல்கள் ஒரே சுற்றைத் திரும்பத் திரும்பச் சுற்றும் என்பதை அறிந்து, பழக்கத்தைப் பார்த்து எதிர்காலத்தைக் கணித்த ஏற்பாடு இது. அதற்குக் 'கற்கும் நிரல்' என்றே பெயர் வைத்தார்கள், 1962-இல்! இன்னொரு நுணுக்கம்: ஓர் இடத்தை எப்போதும் காலியாகவே வைத்திருந்தார்கள். வரும் பக்கம் நேராக அதில் உட்காரும். அது உட்கார்ந்த பிறகு அடுத்த காலி இடத்தைத் தயார் செய்தால் போதும்.

இத்தனையையும் மேய்க்க 'சூப்பர்வைசர்' என்ற நிரல் இருந்தது. டேவிட் ஹோவர்த் தலைமையில் எழுதப்பட்ட அதை, இன்றைய இயக்க முறைமைகளின் முன்னோடி என்று வரலாற்றாசிரியர்கள் கருதுகிறார்கள். அதன் முக்கியப் பகுதிகளும், நிரல்களுக்கான துணைக் கட்டளைகளும் அழிக்க முடியாத ஒரு தனி நினைவகத்தில் இருந்தன. அந்த நினைவகத்தை எப்படிச் செய்தார்கள் தெரியுமா? கம்பியை வலையாக நெய்து, அதன் கண்களில் சிறு ஃபெரைட் குச்சிகளைச் செருகினார்கள். குச்சி இருக்கும் இடமும் இல்லாத இடமும் சேர்ந்து நிரலாயிற்று. நூலாலேயே வாழ்ந்த ஊரில், கணினியின் மூளைக்கு ஒரு கம்பித் துணி.

நெசவு அதோடு நிற்கவில்லை. ஃபெரைட் வளைய நினைவகமே பாவும் ஊடையுமாக ஓடும் மெல்லிய கம்பிகளின் சந்திப்பில் ஒவ்வொரு வளையத்தைக் கோத்த தட்டுதான். உலகெங்கும் அந்தக் கோக்கும் வேலையைப் பெரும்பாலும் பெண்கள் கையாலேயே செய்தார்கள். மும்பையில் டாடா அடிப்படை ஆய்வு நிறுவனம், சென்னையில் பிறந்து கிண்டிப் பொறியியல் கல்லூரியில் படித்த ஆர். நரசிம்மன் தலைமையில், இந்தியாவிலேயே வடிவமைத்த டிஃப்ராக் கணினியை 1960-இல் ஓட்டத் தொடங்கியபோது அதற்குள்ளும் அப்படிக் கோத்த 2,048 சொற்கள் இருந்தன. 2,700 வெற்றிடக் குழாய்கள், 1,700 ஜெர்மானியம் டையோடுகள். கட்டியவர்களில் பெரும்பாலோர் அதற்கு முன் கணினியையே பார்க்காதவர்கள். டிஃப்ராக் என்ற பெயரை நேரு 1962 ஜனவரியில் சூட்டினார், அட்லஸ் தொடங்கப்பட்ட அதே ஆண்டில். மும்பையில் 2,048 சொற்களுக்குள் கணக்கை எப்படி மடக்குவது என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தபோது, மான்செஸ்டரில் பத்து லட்சம் சொற்கள் இருப்பதாக நினைத்து எழுது என்று சொல்லத் தொடங்கியிருந்தார்கள்.

விற்பனையில் அட்லஸ் தோற்றது. மான்செஸ்டரைத் தவிர லண்டன் பல்கலைக்கழகத்துக்கு ஒன்று, சில்டனில் இருந்த தேசிய ஆய்வுக்கூடத்துக்கு ஒன்று. சற்றே மாறிய வடிவில் இன்னும் மூன்று. அவ்வளவுதான். அட்லஸ் ஒன்று நின்றுபோனால் பிரிட்டனின் கணிக்கும் திறனில் பாதி போய்விடும் என்று அக்காலத்தில் பேசிக்கொண்டார்களாம். அப்படிப் பேசும் அளவுக்குத் திறமை இருந்தும் வாங்க ஆளில்லை. 1963-இல் ஃபெராண்டி தன் பெரிய கணினிப் பிரிவையே விற்றுவிட்டது. வாங்கியவர் யார் என்று பாருங்கள்: ஃபென்னி காம்ப்டனில் நகல் எடுத்த பிரிட்டிஷ் டேபுலேட்டிங் மெஷின் கம்பெனி இன்னொரு நிறுவனத்தோடு சேர்ந்து 1959-இல் ஐ.சி.டி. என்று உருமாறியிருந்தது, அதுதான். கல்கத்தாவுக்கு வந்த கணினியின் வம்சமும் அட்லஸின் வம்சமும் ஒரே கூரைக்குள் வந்தன. 1968-இல் அது ஐ.சி.எல். ஆயிற்று. அதன் இந்தியக் கிளை புணேயில் தொழிற்சாலை நடத்தியது. பல ஆண்டுகள் கழித்து அந்தக் கிளையிலிருந்தே இன்று ஜென்சார் என்று அறியப்படும் மென்பொருள் நிறுவனம் வந்தது.

இயந்திரம் விற்காவிட்டாலும் யோசனை விற்றது. நால்வரும் 1962 ஏப்ரலில் அமெரிக்க இதழ் ஒன்றில் எழுதிய கட்டுரையைப் படித்தவர்கள் ஆளுக்கொரு விதமாகச் செய்து பார்த்தார்கள். பரோஸ் நிறுவனம் ஏற்கெனவே வேறு வழியில் நெருங்கியிருந்தது. எம்.ஐ.டி.யில் மல்டிக்ஸ் திட்டக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். மாஸ்கோவில் செர்கேய் லெபதெவ் வடிவமைத்த பெஸ்ம்-6 கணினியிலும் பக்கங்கள் இருந்தன. அதன் சொல்லும் அட்லஸைப் போலவே 48 பிட். அந்த பெஸ்ம்-6 டிராம்பேயில் பாபா அணு ஆராய்ச்சி மையத்துக்கும் வந்து சேர்ந்தது. மான்செஸ்டரில் பிறந்த வித்தை இந்தியாவுக்கு வந்த வழிகளில் ஒன்று சோவியத் நாட்டு வழி.

ஐ.பி.எம். மட்டும் தயங்கியது. தயக்கத்துக்குக் காரணம் இருந்தது. நிரல்களை அளவுக்கு மீறித் திணித்தால், கணினி பக்கங்களை உள்ளே வெளியே மாற்றுவதிலேயே நேரத்தைக் கழித்து, உருப்படியான வேலை எதையும் செய்யாமல் தவித்தது. 1968-இல் பீட்டர் டென்னிங் என்ற இளம் ஆய்வாளர் இதற்குக் காரணம் கண்டார்: ஒவ்வொரு நிரலுக்கும் ஒரு நேரத்தில் அத்தியாவசியமான பக்கங்கள் சில உண்டு, அவை முழுவதும் உள்ளே இருக்க இடம் இல்லாவிட்டால் அந்த நிரலைத் தொடங்கவே கூடாது. அடுத்த ஆண்டு ஐ.பி.எம்.மின் டேவிட் சாய்ரே, தானியங்கி இடமாற்றம் தேர்ந்த நிரலாளரின் கைவேலைக்கு ஈடுகொடுக்கிறது என்று சோதனைகளோடு காட்டினார். படிகங்களின் அணு அமைப்பை எக்ஸ் கதிரால் கண்டறியும் துறையில் இன்றும் சாய்ரே சமன்பாடு என்று ஒன்று சொல்கிறார்களே, அந்தச் சாய்ரேதான் இவர். 1972 ஆகஸ்ட்டில் ஐ.பி.எம். தன் 370 வரிசைக்கு மெய்நிகர் நினைவகத்தை அறிவித்தது. உலகின் மிகப் பெரிய வியாபாரி ஏற்றுக்கொண்ட பிறகு வேறு யாருக்கும் தயக்கம் இருக்கவில்லை.

இதனால் அவதிப்பட்டவர்களும் உண்டு. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு அறிமுகமான 370/155 மாதிரியில் அந்த வசதி கிடையாது. ஏற்கெனவே வாங்கியவர்கள் தனியாக ஒரு பெட்டியை விலை கொடுத்து வாங்கிப் பொருத்த வேண்டியிருந்தது. ஜெர்மானிய உதவியால் 1973-இல் சென்னை ஐ.ஐ.டி.க்கு வந்து, அன்று இந்தியாவின் பெரிய கணினிகளில் ஒன்றாக இருந்ததும் இந்த 370/155 மாதிரிதான். தமிழ்நாட்டுப் பொறியாளர்களில் ஒரு தலைமுறையே கட்டுக் கட்டாக ஓட்டை அட்டைகளைத் தூக்கிக்கொண்டு அதன் முன்னால் வரிசையில் நின்றது. ஹாலரித்தின் அட்டை அப்போதும் வேலையில்தான் இருந்தது.

வரிசையில் நின்றவர்கள் கையில் இருந்த புத்தகத்தை எழுதியவர் நம் பக்கத்து ஊர்க்காரர். ஈரோட்டில் 1933-இல் பிறந்த வி. ராஜாராமன், 1963-இல் கான்பூர் ஐ.ஐ.டி.க்கு வந்த ஐ.பி.எம். 1620 கணினியை வைத்துக்கொண்டு அங்கே கணினிக் கல்வியைத் தொடங்கிய முன்னோடிகளில் ஒருவர். மாணவர் வாங்கக்கூடிய விலையில் அவர் எழுதிய நிரலாக்கப் பாடநூல்கள் வழியாகத்தான் நினைவகம் என்றால் என்ன என்பதை இந்தியாவில் லட்சக்கணக்கானோர் அறிந்தார்கள். திருப்பூரிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கும் ஊர் இப்படி ஒருவரைத் தந்தது என்பதை இங்கே பள்ளிப் பிள்ளைகளுக்கு அடிக்கடி சொல்ல வேண்டும்.

அதன் பிறகு பயணம் வேகமெடுத்தது. 1977-இல் டிஜிட்டல் நிறுவனத்தின் வாக்ஸ், மெய்நிகர் நினைவகத்தைத் தன் பெயரிலேயே வைத்துக்கொண்டு அலமாரி அளவுக் கணினியில் வந்தது. 1985-இல் இன்டெலின் 386 சில்லு, பக்க ஏற்பாட்டை விரல் நகத்தளவு சிலிக்கனுக்குள் அடக்கியது. 1990-இல் வந்த விண்டோஸ் 3.0, அந்தச் சில்லு இருந்தால் வன்தட்டையும் நினைவகமாகப் பயன்படுத்திக்கொண்டது. திருப்பூர் ஏற்றுமதியாளர் சங்கம் தொடங்கியதும் அதே 1990-இல்தான். ஏற்றுமதி ஏற ஏறக் கம்பெனிகளுக்குள் கணினியும் நுழைந்தது. முதலில் பில்லும் சம்பளமும் போட, பிறகு பேட்டர்ன் வரைய, பிறகு காலர் மெஷினுக்கு டிசைன் ஏற்ற. ஜக்கார்டின் ஓட்டை அட்டை போய், அவர் பெயர் தாங்கிய இயந்திரத்தையே கணினி ஓட்டத் தொடங்கியது.

கைப்பேசிக்குப் போகும் வழியில் எனக்கு மிகவும் பிடித்த தற்செயல் ஒன்று இருக்கிறது. 1991-இல் ஹெல்சின்கி மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தன் 386 கணினிக்காக லினக்ஸை எழுதிக்கொண்டிருந்தார். ஜெர்மனியிலிருந்து ஒருவர் கேட்டார்: என் கணினியில் இரண்டு எம்.பி. ரேம்தான் இருக்கிறது, அதில் லினக்ஸைத் தொகுக்கச் சிறிய கம்பைலர் கிடைக்காதா? அந்தக் கேள்விக்காக டோர்வால்ட்ஸ் கிறிஸ்துமஸ் விடுமுறையில் உட்கார்ந்து, பக்கங்களை வட்டுக்கு அனுப்பும் வசதியைச் சேர்த்தார். ரேம் குறைவாக வைத்திருந்தவர் கேட்ட கேள்வியால் லினக்ஸ் பலருக்குப் பயன்படும் சரக்காயிற்று. ஆண்ட்ராய்டு கைப்பேசிகள் அனைத்தின் அடியிலும் இருப்பது அந்த லினக்ஸ்தான். கைப்பேசியில் உருளையும் இல்லை, சுழலும் வட்டும் இல்லை. அதனால் உடனடித் தேவையில்லாத பக்கங்களைப் பெரும்பாலும் ரேமுக்குள்ளேயே சுருக்கி மடித்து வைத்துக்கொள்கிறார்கள்.

வீரபாண்டி அலுவலகத்தில் மாதக் கடைசியில் "சிஸ்டம் ஹேங் ஆகுதுங்க" என்று ஒரு குரல் கேட்குமே, பல நேரங்களில் அது டென்னிங் 1968-இல் விளக்கிய அதே தவிப்பு. மார்க்கரும் டாலியும் பிரவுசரும் ஆளுக்கொரு பக்கம் இழுக்க, கணினி பக்கங்களை மாற்றி மாற்றியே களைத்துப்போகிறது. அந்த நேரத்தில் புதுக் கணினி வாங்க ஓட வேண்டியதில்லை. பழைய கணினியிலேயே ரேமைக் கூட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும், அதுவரை இரண்டு ஜன்னல்களை மூடினாலே ஓரளவு மூச்சு வரும்.

மான்செஸ்டர் அட்லஸை 1971-இல் அணைத்தார்கள். 2022 ஜூன் 21 அன்று, பேபி முதல் நிரலை ஓட்டிய அதே தேதியில், பேபிக்கும் அட்லஸுக்கும் உலக மின்பொறியாளர் அமைப்பான ஐ.இ.இ.இ. மான்செஸ்டரில் நினைவுப் பலகைகள் வைத்தது. இதற்கிடையே பக்கத்தின் அளவு பற்றிய விவாதம் ஓயவில்லை. அட்லஸின் 512 சொற்களை இன்றைய கணக்கில் மாற்றினால் 3,072 பைட். நம் கணினிகளில் பல்லாண்டுகளாக வழங்கும் அளவு 4,096 பைட். அறுபது ஆண்டுகளில் நினைவகம் லட்சக்கணக்கான மடங்கு பெருத்தும் பக்கம் ஏறக்குறைய அப்படியே நின்றது. இப்போதுதான் கூகுள் அதை 16,384 பைட்டாக உயர்த்தச் சொல்கிறது. பக்கம் பெரிதானால் பதிவேட்டில் வரிகள் குறையும், செயலிகள் வேகமாகத் திறக்கும். ஆனால் முழுதாக நிரம்பாத பக்கங்களில் அதிக இடம் வீணாகும். 2025 நவம்பரிலிருந்து, ஆண்ட்ராய்டின் புதிய பதிப்புகளைக் குறிவைத்து பிளே ஸ்டோருக்கு வரும் செயலிகள் அந்த அளவுக்கும் ஒத்துப்போக வேண்டும். பெரிய பக்கமா சிறிய பக்கமா என்று கில்பர்ன் குழு எதிர்கொண்ட அதே கேள்விக்கு, கோவையிலும் சென்னையிலும் செயலி எழுதும் பிள்ளைகள் இப்போது தங்கள் நிரல்களைத் திறந்துவைத்து விடை தேடிக்கொண்டிருக்கிறார்கள்.